கைப்பேசிக்குள் அடங்கிய கொம்பு
(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



உறுப்பினர் சிலர் தத்தம் தொழிலிலிருந்து ஒரு செய்தியை இலக்கிய அன்பர்களுக்கு விளங்குமாறு இவ்விழாவில் உரைக்க வேண்டும் என்று பொறுப்பாளர்கள் பணித்தனர். என் தொழில் கைப்பேசிகளுக்கு ஆன்டெனா வடிவமைப்பது. கவிதையை ஆராயக் கூடிய அவையில் கம்பியையும் தகட்டையும் பற்றிப் பேசுவது பொருந்துமா என்று முதலில் தயங்கினேன். ஆயினும் எண்ணிப் பார்த்தபோது, நீங்களும் நானும் நாள்தோறும் மோதுவது ஒரே கேள்வியோடுதான் என்று தோன்றியது. ஒன்றை எந்த அளவுக்குச் சுருக்கலாம்? அளவு மீறிச் சுருக்கினால் இழப்பு யாருக்கு? இவ்விரண்டு வினாக்களையும் மனத்தில் கொண்டே, ஒரு சிறு கருவிக்குள் பல அலைப்பட்டைகளுக்கும் உரிய ஆன்டெனாவை அடக்கும் கலையைப் பற்றிச் சில சொல்ல விழைகிறேன்.

முதலில் சொல்லைப் பற்றி ஒரு சொல். நம் வீட்டு மொட்டை மாடிகளில் மீன் முள்ளைப் போல் நின்ற தொலைக்காட்சி ஆன்டெனாவை மூத்தோர் மறந்திருக்க மாட்டார்கள். அதனை நம் நூல்கள் 'அலைவாங்கி' என்றன. மாடியில் நின்றது வாங்க மட்டுமே செய்தது. ஆதலின் அப்பெயர் அதற்குப் பொருந்தியது. கைப்பேசியில் உள்ளதோ வாங்கவும் செய்கிறது, வழங்கவும் செய்கிறது. எந்தத் திசையில் நன்றாக வழங்குமோ அந்தத் திசையிலிருந்து அதே அளவுக்கு நன்றாக வாங்கும் என்பது இயற்பியல் விதி. பூச்சியின் உணர்கொம்புக்கும் ஆங்கிலத்தில் இதே பெயர்தான். கொடுக்கல் வாங்கல் இரண்டையும் சுட்டும் தமிழ்ச்சொல் இன்னும் மக்கள் நாவில் நிலைபெறவில்லை. எனவே இவ்வுரையில் வழக்கில் உள்ள 'ஆன்டெனா' என்பதையே ஆள்கிறேன்.

ஆன்டெனாவின் அளவைத் தீர்மானிப்பது அலையின் நீளம். நொடிக்கு ஏறத்தாழ மூன்று லட்சம் கிலோமீட்டர் செல்லும் அலை, நொடிக்கு 90 கோடி முறை அதிர்ந்தால் அதன் நீளம் 33 செ.மீ. ஆகும். இதுவே 900 மெகாஹெர்ட்ஸ் எனப்படுவது. 1995 ஜூலை 31 அன்று கல்கத்தாவிலிருந்து ஜோதிபாசு தில்லியில் இருந்த சுக்ராமுடன் கைப்பேசியில் உரையாடியபோது இந்தியாவில் செல்பேசிச் சேவை தொடங்கிற்று. அத்தொடக்க காலத்தில் நம் நாட்டுக் கைப்பேசிகள் பேசியது இந்தப் பட்டையில்தான். உலோகத் தளத்தின் மேல் நிறுத்திய கம்பி, அலைநீளத்தில் கால் பங்கு இருந்தால், தட்டிய வீணை நரம்பைப் போல் அந்த அலைக்கு இயல்பாக அதிரும். இதனை ஒத்ததிர்வு என்கிறோம். 33 செ.மீ. அலைக்குக் கால் பங்கு 8.3 செ.மீ. வரும். 1800 மெகாஹெர்ட்ஸுக்கு அது 4.2 செ.மீ.; 700 மெகாஹெர்ட்ஸுக்கு 10.7 செ.மீ.

சிறிய கருவி வேண்டுமென்றால் சிறிய அலையைத் தேர்ந்துகொள்வது ஒரு வழி. ஜகதீச சந்திர போஸ் அவ்வழியில் சென்றவர். 1890களில் கல்கத்தாவில் அவர் சில மில்லிமீட்டர் நீளமே உள்ள அலைகளை உண்டாக்கி, அவற்றை வாங்கப் புனல் வடிவான குழல்களைப் பயன்படுத்தினார். அவருடைய கருவிகள் மேசைமேல் அடங்கின. 1897இல் இலண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் அவற்றை இயக்கியும் காட்டினார். ஆனால் கைப்பேசியை வடிவமைப்பவனுக்கு அலையைத் தேர்ந்தெடுக்கும் உரிமை இல்லை. அரசு எந்தப் பட்டையை ஏலம் விடுகிறதோ, கோபுரம் எந்தப் பட்டையில் பேசுகிறதோ, அதற்குத்தான் அவன் கட்டுப்பட வேண்டும். நீண்ட அலைகளைக் கைவிடவும் இயலாது. தொலைவு செல்வனவும் சுவரைக் கடந்து வீட்டுக்குள் வருவனவும் அவையே.

கைப்பேசி முதன்முதல் தோன்றியபோது இடர்ப்பாடு இல்லை. 1973 ஏப்ரல் 3 அன்று நியூயார்க் தெருவில் மார்ட்டின் கூப்பர் கையில் ஏந்திப் பேசிய கருவி ஒரு கிலோவுக்கு மேல் எடையுள்ளது. அதன் கொம்பு வெளிப்படையாக மேலே நீண்டு நின்றது. அடுத்த இருபத்தைந்து ஆண்டுகள் அந்தக் கொம்பு குட்டையாயிற்று, சுருளாயிற்று, இழுத்து நீட்டும் கம்பியாயிற்று; எனினும் வெளியே இருந்தது. சட்டைப்பையில் இடித்தது, கீழே விழுந்தால் ஒடிந்தது. 1998, 1999 ஆண்டுகளில் நோக்கியா வெளியிட்ட 8810, 3210 முதலிய கைப்பேசிகளில் கொம்பு வெளியே தெரியவில்லை. மக்கள் கொம்பே இல்லை என்று எண்ணினர். அது முதுகுப் புறத்து மூடிக்கு அடியில் மடிந்து படுத்திருந்தது.

அந்த மடிப்பு எத்தகையது என்பதை விளக்குகிறேன். நின்ற கம்பியைப் பாதியில் வளைத்து, மின்சுற்றுப் பலகைக்கு இணையாகப் படுக்க வையுங்கள். கம்பிக்குப் பதில் அகன்ற தகட்டை வையுங்கள். ஒரு முனையைப் பலகையின் உலோகத்தோடு இணைத்துவிட்டு, சற்றுத் தள்ளி மின்னோட்டத்தை ஊட்டுங்கள். பக்கவாட்டில் பார்த்தால் ஆங்கில எழுத்து 'எஃப்' கவிழ்ந்து கிடப்பதைப் போல் இருக்கும். ஆதலால் 'கவிழ்ந்த எஃப்' என்றே அதற்குப் பெயர். ஏறத்தாழ 4 செ.மீ. நீளமும் 2 செ.மீ. அகலமும் உடைய தகடு, பலகையிலிருந்து 7, 8 மி.மீ. உயரத்தில் நின்றால் 900 மெகாஹெர்ட்ஸில் பணி செய்யும்.

ஆனால் ஒரு பட்டை போதாது. 900, 1800 இரண்டிலும் பேச வேண்டும் என்ற தேவை வந்தது. இரண்டு ஆன்டெனாக்களுக்கு இடமில்லை. எனவே அதே தகட்டில் ஒரு கீற்று வெட்டினார்கள். மின்னோட்டம் அக்கீற்றைச் சுற்றி வளைந்து செல்ல நேர்வதால் ஒரு கிளை நீண்டது. மற்றொரு கிளை குட்டையாக நின்றது. நீண்ட கிளை நீண்ட அலைக்கும் குறுங்கிளை குறுகிய அலைக்கும் அதிர்ந்தன. ஒரே சொற்றொடரைப் பிரிக்கும் இடத்தை மாற்றி இருபொருள்பட வைக்கும் சிலேடையைப் புலவர் பெருமக்கள் அறிவீர்கள். வெட்டிய இடமே பொருளைத் தீர்மானிப்பது இங்கும் உண்டு. கீற்று ஒரு மில்லிமீட்டர் நகர்ந்தால் இரண்டு பட்டைகளும் இடம்பெயரும். ஒன்றைத் திருத்தினால் மற்றது கெடும். எங்கள் உழைப்பில் பெரும்பகுதி இந்த ஒன்றையொன்று கெடுக்கும் பிணக்கைத் தீர்ப்பதில்தான் கழிகிறது.

மடிக்கலாம், வெட்டலாம், நெளிக்கலாம் என்றால், அளவில்லாமல் சுருக்கிக்கொண்டே போகலாமே என்று தோன்றும். அங்கேதான் இயற்கை ஓர் எல்லை வகுத்திருக்கிறது. 1947இல் ஹெரால்ட் வீலர் அந்த எல்லையைச் சுட்டினார். 1948இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. நிறுவனத்தைச் சேர்ந்த எல்.ஜே. சூ அதனைக் கணக்கிட்டு நிறுவினார். ஆன்டெனாவை முழுவதும் உள்ளடக்கும் ஒரு கோளத்தைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். அலைநீளத்தை நோக்க அக்கோளம் மிகச் சிறிதாக இருக்கும்போது, ஆன்டெனா கையாளக்கூடிய பட்டையின் அகலம் ஆரத்தின் மும்மடிக்கு ஏற்பக் குறைகிறது. ஆரத்தைப் பாதியாக்கினால் பட்டை அகலம் எட்டில் ஒரு பங்காகிவிடும். ஒரே ஓர் அதிர்வெண்ணில் அது நன்றாகவே அதிரும். சற்று விலகினால் செவிடாகிவிடும். கைப்பேசிக்கோ 880 முதல் 960 மெகாஹெர்ட்ஸ் வரை முழுதும் கேட்க வேண்டும்.

இந்த எல்லையை ஏய்க்க ஒரு வழி உண்டு. இழப்பு மிக்க பொருள்களை ஆன்டெனாவில் சேர்த்தால் பட்டை அகன்றது போலத் தோன்றும். உண்மையில் ஆற்றல் அலையாகப் புறப்படாமல் வெப்பமாக வீணாகிறது. அளவு, பட்டை அகலம், பயனுறு திறன் ஆகிய மூன்றில் இரண்டை விரும்பினால் மூன்றாவதை விட்டுக்கொடுத்தாக வேண்டும். மூன்றையும் தந்தேன் என்பவர் ஒன்றை மறைக்கிறார் என்று கொள்க.

நன்னூலார் நூலுக்குரிய அழகுகள் பத்தை வகுத்தபோது சுருக்கத்தையே முதலில் வைத்தார். குற்றங்கள் பத்தை வகுத்தபோதும், வேண்டியதைக் குறைபடச் சொல்வதை முதற்குற்றமாக வைத்தார். அழகின் தலைவாயிலும் குற்றத்தின் தலைவாயிலும் அடுத்தடுத்து இருக்கின்றன. எந்த இடத்தில் ஒன்று மற்றொன்றாகிறது என்பதை அவர் அளந்து சொல்லவில்லை. சொற்கலையில் அதற்கு அளவுகோல் இல்லை. என் துறையில் சூ அவர்களின் கணக்கு அந்த இடத்தைச் சுட்டுகிறது. எல்லைக்கு இப்புறம் நின்றால் சுருக்கம். அப்புறம் சென்றால் குறைபாடு.

இவ்வெல்லையை அலங்காரத்தால் வெல்ல முடியுமா என்ற ஒரு முயற்சியின் வரலாறு கவிஞர்களுக்குச் சுவையளிக்கும். ஒரு வடிவத்தின் சிறு பகுதியும் முழு வடிவத்தைப் போலவே தோன்றும் கோலங்களை ஃபிராக்டல் என்பர். முக்கோணத்துக்குள் முக்கோணம், அதற்குள் முக்கோணம் என்று அடுக்கிய ஆன்டெனாவை 1990களில் பார்சிலோனாவைச் சேர்ந்த கார்லெஸ் புவெந்தேயும் அவருடன் பணியாற்றியோரும் செய்து காட்டினர். ஒவ்வொரு அளவு முக்கோணமும் ஒவ்வொரு பட்டைக்கு அதிர்ந்தது. அதே காலத்தில், சிறு சதுரத்துக்குள் நெடுந்தொலைவு வளைந்து வளைந்து செல்லும் ஒற்றைக் கோடுகளையும் ஆன்டெனாவாக்கினர். அவற்றைக் கண்டால் நம் வாசல் நினைவுக்கு வரும். புள்ளிகளைச் சுற்றி முடிவின்றி வளையும் சிக்குக் கோலத்தை நம் பெண்கள் கம்பிக் கோலம் என்றே சொல்வதுண்டு. சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் பணியாற்றிய கிப்ட் சிரோமனி, ராணி சிரோமனி ஆகியோர் கமலா கிருத்திவாசனுடன் சேர்ந்து, கோலங்களுக்குக் கணித இலக்கணம் வகுத்து 1974இலேயே கட்டுரை எழுதியுள்ளனர் என்பதும் ஈண்டு நினைக்கத்தக்கது.

அழகிய வளைவுகள் எல்லையைத் தாண்டிவிடும் என்ற நம்பிக்கை பரவியது. பின்னர் 2002, 2003 ஆண்டுகளில் ஸ்டீவன் பெஸ்ட் முதலிய ஆய்வாளர்கள் இவ்வடிவங்களை எளிய நெளிகம்பியோடு ஒப்பிட்டு அளந்தனர். ஒரே உயரம், ஒரே இடம், ஒரே அதிர்வெண் என்று நிறுத்திப் பார்த்தால், சிக்கலான வடிவத்துக்குத் தனிச்சிறப்பு ஏதும் இல்லை. பல வேளைகளில் எளிய நெளிவே மேலாக இருந்தது. பார்சிலோனா ஆய்வாளர்களும், முக்கோணப் பணியில் பங்குகொண்ட ஒருவர் உட்பட, 2003இல் இதே முடிவை வெளியிட்டனர். தம் கையால் போற்றி வளர்த்த கருத்தைத் தாமே நிறுத்துப் பார்த்த நேர்மையை நான் மிகவும் மதிக்கிறேன்.

காரணம் எளிது. கம்பி தன்னை நோக்கியே திரும்பி அருகருகே செல்லும்போது, பக்கத்துப் பக்கத்துக் கோடுகளில் மின்னோட்டம் எதிரெதிராக ஓடுகிறது. ஒன்றன் அலையை மற்றொன்று அழிக்கிறது. கம்பியின் நீளம் கூடுகிறது, அதன் சூடு கூடுகிறது, வெளியே செல்லும் அலை கூடவில்லை. சொற்கள் ஒன்றையொன்று மறுத்துக்கொண்டு நிற்கும் அடியை நீங்களும் கண்டிருப்பீர்கள்.

அப்படியானால் வெற்றி எங்கிருந்து வந்தது? பின்லாந்து நாட்டு ஹெல்சிங்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பெர்த்தி வைனிக்கைனென் முதலியோர் 2002இல் வெளியிட்ட ஆய்வு அதற்கு விடை தந்தது. 900 மெகாஹெர்ட்ஸில் கைப்பேசியிலிருந்து புறப்படும் அலையில் பெரும்பகுதியை அந்தச் சிறு தகடு வழங்குவதில்லை. அதனைத் தாங்கி நிற்கும் மின்சுற்றுப் பலகையின் உலோகமே வழங்குகிறது. 900 மெகாஹெர்ட்ஸ் அலைக்கு அரைப்பங்கு 16.7 செ.மீ.; இன்றைய கைப்பேசியின் நீளமோ பெரும்பாலும் 15, 16 செ.மீ. அளவில் இருக்கிறது. கருவி முழுதுமே இயல்பாக அதிரக்கூடிய நீளத்துக்கு அருகில் நிற்கிறது. சிறு தகட்டின் வேலை, அந்தப் பெரிய உடலைத் தட்டி எழுப்புவது. எனவேதான் அதனைப் பலகையின் நடுவில் வைக்காமல் விளிம்பில் வைக்கிறோம். அங்குதான் மின்புலம் மிகுதி. அங்கு தட்டினால்தான் உடல் விழிக்கும்.

சூ வகுத்த எல்லை இங்கு மீறப்படவில்லை. ஆன்டெனா என்று நாம் எண்ணியது சிறியது. உண்மையான ஆன்டெனா பெரியதாகவே இருந்திருக்கிறது. ஏழே சீர்களில் அடங்கும் குறள் வெண்பா நம்மை அசைப்பதும், அந்த ஏழு சீர்களின் வலிமையால் மட்டும் அன்று. கேட்பவன் உள்ளத்தில் ஏற்கெனவே இருக்கும் பெருவாழ்வை அது சரியான இடத்தில் தொடுகிறது. சுருக்கத்தின் நுட்பம் பற்றி என் தொழில் எனக்குக் கற்பித்தது இதுவே.

கருவியே ஆன்டெனா என்றால், அதனைப் பற்றும் கை என்னாகும்? மனித உடல் நீரும் உப்பும் நிறைந்தது. அது ஆன்டெனாவின் அதிர்வைக் கீழே இழுக்கிறது. அலையின் ஒரு பகுதியை விழுங்கவும் செய்கிறது. 2010 ஜூனில் வெளிவந்த ஐபோன் 4 கருவியில் வெளிச்சட்டமே ஆன்டெனாவாக அமைந்திருந்தது. சட்டத்தின் இரு துண்டுகளுக்கு நடுவே இடப்பக்கக் கீழ்மூலையில் இருந்த இடைவெளியைக் கை மூடினால் அலை வலுவிழந்தது. முறையீடுகள் பெருகவே, அடுத்த மாதம் அந்நிறுவனம் இலவச உறைகளை வழங்கியது. ஆய்வுக்கூடத்தில் யாரும் தொடாமல் தனியே நிற்கும் கருவி ஒன்று. ஒருவர் கையில் தவழும் கருவி வேறு. தலைக்கு அருகில் வைக்கும் கருவி உடலில் செலுத்தும் ஆற்றலுக்கும் வரம்பு உண்டு. இந்தியாவில் 2012 செப்டம்பர் முதல், ஒரு கிராம் திசுவில் சராசரியாகக் கிலோவுக்கு 1.6 வாட் என்பதே அவ்வரம்பு. இத்தனையையும் எண்ணியே தகட்டை வெட்ட வேண்டியிருக்கிறது.

இனி, தொடக்கத்தில் எழுப்பிய இரண்டாம் வினாவுக்கு வருகிறேன். இழப்பு யாருக்கு?

கைப்பேசிகள் மெலிந்துகொண்டே வருகின்றன. பட்டைகளோ பெருகிக்கொண்டே வருகின்றன. 2022இல் நடந்த ஏலத்தில் 700 மெகாஹெர்ட்ஸ் பட்டையும், 3.3 கிகாஹெர்ட்ஸ் பட்டையும், 26 கிகாஹெர்ட்ஸ் பட்டையும் விற்கப்பட்டன. அவ்வாண்டு அக்டோபர் 1 அன்று நாட்டில் ஐந்தாம் தலைமுறைச் சேவை தொடங்கியது. இவற்றோடு வைஃபை, புளூடூத், ஜி.பி.எஸ். எல்லாவற்றுக்கும் இடம் வேண்டும். திரை விளிம்பு வரை விரிந்துவிட்டது, மின்கலம் பெருத்துவிட்டது. ஆன்டெனாவுக்கு எஞ்சுவது சில மில்லிமீட்டர் விளிம்பு. எனவே எங்கள் துறையில் ஒரு சமரசம் வழக்காகிவிட்டது. ஊட்டிய ஆற்றலில் பத்தில் ஒரு பங்கு மட்டுமே திரும்பலாம் என்பது ஆன்டெனாவின் பொது அளவுகோல். கைப்பேசிக்கோ நான்கில் ஒரு பங்கு திரும்பினாலும் ஏற்றுக்கொள்கிறோம்.

நகரத்தில் இதனால் தீங்கு தெரியாது. தெருவுக்குத் தெரு கோபுரம் நிற்கிறது. கோபுரத்தின் எல்லையில் வாழ்பவருக்கோ அவ்வாறன்று. ஒரு கணக்குச் சொல்கிறேன். ஆன்டெனா, கை, மடிப்பு என்று எல்லாம் சேர்ந்து ஆற்றலை நான்கில் ஒரு பங்காக்குகின்றன என்று வைத்துக்கொள்வோம். நிலப்பரப்பில் அலையின் வலிமை தொலைவின் நான்மடிக்கு ஏற்பக் குறைகிறது என்றும் கொள்வோம். அப்போது கருவி எட்டும் தொலைவு பத்தில் ஏழு பங்காகக் குறையும். கோபுரத்தைச் சுற்றி அது பயன்படும் நிலப்பரப்பு பாதியாகிவிடும். வெளிவட்டத்தில் உள்ள ஊர்கள் அந்தக் கருவிக்கு வரைபடத்திலேயே இல்லாமல் போகும். எல்லைக்குள் நிற்பவருக்கும் இழப்பு உண்டு. குறைந்த அலையை ஈடுசெய்யக் கருவி தன் ஆற்றலைக் கூட்டும். மின்கலம் விரைந்து தீரும்.

கோபுரம் சரியாக எட்டாத மலையூரில் கைப்பேசியை உயர்த்திப் பிடித்துக்கொண்டு மேட்டில் ஏறுபவர், குறை தம் ஊரில் இருக்கிறது என்று எண்ணுகிறார். அதில் ஒரு பங்கு, வெகுதொலைவில் ஒரு மேசைமேல் யாரோ மிச்சப்படுத்திய இரண்டு மில்லிமீட்டரில் இருக்கிறது. மெலிவின் அழகை நுகர்பவர் ஒருவர். அதன் விலையைக் கொடுப்பவர் மற்றொருவர். வடிவமைப்பாளன் எல்லாருக்கும் பொதுவான ஓர் எண்ணைத் தாளில் குறித்துக்கொண்டு, கடைசி வீட்டில் இருப்பவரை மறந்துவிடக் கூடாது என்பதே என் கட்சி. கருவிகளின் தோற்றத்தையும் எடையையும் விளம்பரம் செய்வது போல், அவை கையில் இருக்கும்போது எவ்வளவு அலையை வழங்குகின்றன என்பதையும் அட்டையில் அச்சிட வேண்டும் என்று நான் கருதுகிறேன். அளக்கும் முறைகள் இருக்கின்றன; அளக்கவும் செய்கிறார்கள். வாங்குவோர் கண்ணில் அந்த எண் படுவதில்லை.

கவிஞர் பெருமக்களே, நீங்கள் ஒரு சொல்லை நீக்கும்போது, அது இல்லாமலும் பொருள் எட்டுமா என்று எண்ணுகிறீர்கள். அருகில் அமர்ந்து தலையசைப்பவரை மட்டும் கருதாமல், அவையின் கடைசி வரிசையில் இருப்பவரையும் கருதுகிறீர்கள். அந்தக் கவனம் என் தொழிலுக்கும் வேண்டும் என்பதைச் சொல்லவே இவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டேன்.

முடிவாக ஒரு வேண்டுகோள். வாங்குவதையும் வழங்குவதையும் ஒருசேரச் சுட்டி, கொம்பு உள்ளே மறைந்த பிறகும் பொருந்தி, பள்ளி மாணவர் நாவில் எளிதில் வழங்கக்கூடிய ஒரு தமிழ்ச்சொல்லை நம் வட்டம் ஆக்கித் தர வேண்டும். பதினோராம் ஆண்டின் முதற்பணியாக அதனை ஏற்றுக்கொள்ளலாம்.